அறியாமையா, அசட்டையா? ஒரு ஸ்பானியச் சொல்லும் கிள்ளான் பள்ளத்தாக்கின் பேச்சும்

ஸ்பானிய மொழியில் ‘இன்கோன்ஸியென்தே’ என்றொரு சொல் உண்டு. மயங்கி விழுந்து நினைவிழந்து கிடப்பவரையும், தாம் செய்வது இன்னதென்று உணராமலே ஒரு காரியத்தைச் செய்துவிடுபவரையும், விளைவைப் பற்றிச் சற்றும் எண்ணாமல் பிறர் உயிரோடு விளையாடும் பொறுப்பற்றவரையும் அம்மொழி பேசுவோர் இந்த ஒரே சொல்லால் குறிக்கின்றனர். முதலாமவரைக் கண்டால் இரக்கமும், இரண்டாமவரைக் கண்டால் பொறுமையும், மூன்றாமவரைக் கண்டால் சினமும் எழுவதே மனித இயல்பு. அவ்வாறிருக்க, இம்மூவரையும் ஒரு சொல் எவ்வாறு தாங்குகிறது என்பது ஆராயத்தக்க கேள்வி. வீட்டில் தமிழும், அரசு அலுவலகத்தில் மலாயும், பணியிடத்தில் ஆங்கிலமுமாக ஒரே நாளில் மூன்று மொழிகளுக்குள் புகுந்து வெளிவரும் கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தமிழர்களுக்கு இக்கேள்வி தொலைவானதன்று. கவனமின்மையைக் குறிக்க அவர்கள் எந்தச் சொல்லை எடுக்கிறார்களோ, அந்தச் சொல்லே குற்றம் யாருடையது, எவ்வளவு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

உடனறிதலும் மனச்சாட்சியும்

இச்சொல்லின் வேர் லத்தீனில் உள்ளது. ‘ஸ்கீரே’ என்றால் அறிதல். ‘கோன்’ என்ற முன்னொட்டு ‘உடன்’ என்ற பொருளைத் தரும். ‘இன்’ என்பது எதிர்மறை. ஒரு செய்தியை மற்றொருவரோடு சேர்ந்து அறிந்திருத்தல், அதாவது ஒரு நிகழ்வுக்குச் சாட்சியாக இருத்தல் என்பதே ‘கோன்ஸியென்தியா’ என்ற பழைய லத்தீன் சொல்லின் தொடக்கப் பொருள். பிறரோடு சேர்ந்து அறிவது, பின்னர்த் தன்னோடு தானே சேர்ந்து அறிவதாக உள்நோக்கித் திரும்பியபோது, அச்சொல் மனிதனின் உள்ளே அமர்ந்து அவன் செயலைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சியைக் குறிக்கலாயிற்று. தமிழில் வழங்கும் ‘மனச்சாட்சி’ என்ற கூட்டுச்சொல்லும் மனத்தையே சாட்சிக் கூண்டில் நிறுத்துவதால், இரு மொழிகளும் வெவ்வேறு வழியாக நடந்து ஒரே இடத்தை அடைந்தன எனலாம்.

ஆங்கிலம் இந்தக் கருத்தை இரண்டாகப் பிரித்து, விழிப்புநிலைக்கு ஒரு சொல்லையும் மனச்சாட்சிக்கு வேறொரு சொல்லையும் வைத்துக்கொண்டது. ஸ்பானியமோ ‘கோன்ஸியென்ஸியா’ என்ற சொல்லையே இரண்டுக்கும் வழங்குகிறது. சாலைப் பாதுகாப்புக்கோ நோய்த் தடுப்புக்கோ நடத்தப்படும் விழிப்புணர்வு இயக்கத்திற்கு அம்மொழியில் உள்ள பெயரும் இதே வேரிலிருந்து பிறந்ததால், ஓர் ஆபத்தைத் தெரிந்துகொள்வதும் அதற்கு மனச்சாட்சியோடு பொறுப்பேற்பதும் அங்கே ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதே சொல்லின் எதிர்மறையான ‘இன்கோன்ஸியென்தே’ மயக்கமுற்றவரையும் பொறுப்பற்றவரையும் ஒருங்கே சுட்டுவதற்குக் காரணம் இதுவே: ஒருவரிடம் விழிப்பு இல்லை, மற்றவரிடம் மனச்சாட்சியின் காவல் இல்லை, இரண்டுமே உள்ளிருக்கும் சாட்சி இல்லாத நிலைதான்.

இச்சொல்லுக்கு நான்காவதாக ஒரு பொருளும் உண்டு. சிக்மண்ட் பிராய்டின் நூல்கள் 1922 முதல் மத்ரித் நகரில் ஸ்பானியத்தில் வெளிவரத் தொடங்கியபின், மனிதன் தானே அறியாத மனத்தின் ஆழ்பகுதியைச் சுட்ட ‘எல் இன்கோன்ஸியென்தே’ என்ற பெயர்ச்சொல் நிலைபெற்றது. தமிழ் உளவியல் எழுத்தில் இதற்கு ‘நனவிலி’ என்ற சொல் வழங்குகிறது. கனவுக்கு எதிரான விழிப்புநிலையைக் குறிக்கும் ‘நனவு’ திருக்குறளிலேயே இடம்பெற்றுள்ள பழஞ்சொல். அதனோடு இல்லாமையைச் சுட்டும் ‘இலி’ சேர்ந்து இக்கலைச்சொல் உருவாயிற்று.

ஸ்பானியத்தின் உறவுமொழி தமிழருக்குப் புதிதன்று

ஸ்பானியத்திற்கும் தமிழுக்கும் நேரடித் தொடர்பு குறைவென்றாலும், அதன் உடன்பிறப்பான போர்த்துகீசியம் தமிழர் வீட்டுக்குள் எப்போதோ குடியேறிவிட்டது. மேசை, அலமாரி, சாவி, ஜன்னல், பாதிரி ஆகிய சொற்கள் போர்த்துகீசிய வழி வந்தவை. 1511-ல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் மலாயிலும் ‘மேஜா’, ‘அல்மாரி’, ‘ஜெண்டேலா’, ‘பாடெரி’ என அவற்றுள் பலவற்றை விட்டுச்சென்றமையால், கிள்ளானில் தட்டுமுட்டுக் கடை வைத்திருக்கும் தமிழர் மலாய்க்கார வாடிக்கையாளரிடம் மேசைக்கும் அலமாரிக்கும் விலை பேசும்போது இருவரும் அறியாமலே ஒரே ஐரோப்பிய மொழியின் சொற்களைப் பரிமாறிக்கொள்கின்றனர்.

இத்தொடர்பை ஆய்வுக்குரியதாக்கிய அறிஞர் ஒருவர் கோலாலம்பூரிலேயே பணியாற்றினார். ஸ்பானியம், போர்த்துகீசியம், லத்தீன் உள்ளிட்ட பல மொழிகளை அறிந்திருந்த சேவியர் தனிநாயகம் அடிகள், 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கி, முதலாவது உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடத்தினார். ஆந்தாவ் தெ புரோவென்சா என்ற பாதிரியார் தொகுத்து, அவருடைய மறைவுக்குப் பின் 1679-ல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்த்துகீசிய அகராதியின் படி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதை ஒளிப்படப் பதிப்பாக 1966-ல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளிக்கொணர்ந்தவரும் அடிகளே. ஐபீரிய மொழி ஒன்றுக்கும் தமிழுக்கும் இடையே சொல்லுக்குச் சொல் பாலம் கட்ட முயன்ற அந்தப் பழைய உழைப்பு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து சிறிது தொலைவிலேயே உள்ள பந்தாய்ப் பள்ளத்தாக்கில் மறுபிறவி எடுத்தது. ஆனால், எந்த அகராதியும் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சொல்லை மட்டும் எழுதி முடித்துவிட முடியாது என்பதற்கு ‘இன்கோன்ஸியென்தே’ நல்ல சான்று.

நிலையும் குணமும்

ஒரே சொல் பல பொருள் தந்தாலும் ஸ்பானியர் பேச்சில் குழப்பம் நேர்வதில்லை. காரணம், அவர்களுடைய இலக்கணம். அம்மொழியில் ‘இரு’ என்பதற்கு ‘ஸேர்’, ‘எஸ்தார்’ என இரண்டு வினைகள் உள்ளன. ஒருவரின் இயல்பையும் அடையாளத்தையும் சொல்ல ‘ஸேர்’ வரும். அவர் இப்போது எந்நிலையில் இருக்கிறார் என்பதைச் சொல்ல, லத்தீனில் ‘நிற்றல்’ என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்த ‘எஸ்தார்’ வரும். ‘எஸ்தா இன்கோன்ஸியென்தே’ என்றால் ‘அவர் நினைவிழந்து இருக்கிறார்’ என்று பொருள். உடனே மருத்துவ வண்டியை அழைக்க வேண்டும். ‘எஸ் உன் இன்கோன்ஸியென்தே’ என்றால் ‘அவர் ஒரு பொறுப்பற்ற ஆள்’ என்று பொருள். அவரிடமிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்க வேண்டும். இவ்வாறு ஒரு சிறு வினை மாற்றம் இரக்கத்தைக் கண்டனமாக மாற்றிவிடுகிறது.

இந்த நுட்பம் தமிழுக்கு அயலானதன்று என்பது பலரும் கவனியாத செய்தி. ‘அவர் மயக்கமாக இருக்கிறார்’ என்று நிலையைச் சொல்லும் இடத்தில் தமிழ், ‘இரு’ என்ற வினையைப் பயன்படுத்துகிறது. ‘இரு’ என்பதற்கு ‘அமர்’ என்ற பொருளும் உண்டென்பதை நினைத்தால், நிற்றலிலிருந்து வந்த ஸ்பானிய வினைக்கும் அதற்கும் உள்ள உறவு விளங்கும். ‘அவர் பொறுப்பற்றவர்’ என்று குணத்தைச் சொல்லும்போதோ வினையே இல்லாமல் பெயர்ப்பயனிலையோடு தொடர் முடிந்துவிடுகிறது. ‘நன்றாக இருக்கிறார்’ என்பதற்கும் ‘நல்லவர்’ என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடும் இத்தகையதே. நிலை மாறக்கூடியது, குணம் ஒட்டிக்கொள்வது என்ற தீர்ப்பை ஸ்பானியம் இரண்டு வினைகளால் வழங்க, தமிழ் அதையே வினை இருப்பதாலும் இல்லாமையாலும் வழங்குகிறது.

பராக்கும் ப்ளரும்

கண்டிக்க வேண்டிய அளவுக்குப் போகாத சிறு கவனப் பிசகுக்கு ஸ்பானியர் ‘இன்கோன்ஸியென்தே’ என்ற கனத்த சொல்லை எடுப்பதில்லை. அதற்கென ‘தெஸ்பிஸ்தாதோ’ என்ற மென்மையான சொல்லை வைத்திருக்கின்றனர். ‘பிஸ்தா’ என்பது தடம். தடத்தை விட்டு விலகியவர் என்பதே இதன் நேர்ப்பொருள். மூக்கின் மேல் கண்ணாடியை வைத்துக்கொண்டே வீடு முழுதும் கண்ணாடி தேடுபவர் இவ்வகையினர். பெரு நாட்டுச் செய்திகளில், சாலையை விட்டு விலகிக் கவிழும் வாகனத்தைப் பற்றிச் சொல்லவும் இவ்வேரிலிருந்து பிறந்த சொல்லே பயன்படுகிறது. நினைப்பு வேறெங்கோ இருப்பவரை, வட ஸ்பெயினின் லியோன் மாகாணத்து மலைப்பகுதியைச் சுட்டி, ‘பாபியாவில் இருக்கிறார்’ என்று கூறும் மரபுத்தொடரும் உண்டு. பழைய லியோன் மன்னர்கள் அரசியல் தொல்லைகளை மறந்து அங்கே ஓய்வெடுக்கச் சென்றதிலிருந்து இத்தொடர் பிறந்ததாக விளக்கம் சொல்வர்.

தமிழில் இந்த இடத்தை நிரப்பும் சொல் ‘பராக்கு’. வகுப்பில் ஆசிரியர் பாடம் நடத்த, ஜன்னல் வழியே ரயிலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைப் ‘பராக்குப் பார்க்கிறான்’ என்பர். அரசர் வருகையின்போது கட்டியக்காரர், கூட்டத்தைக் கவனிக்கச் செய்வதற்காகக் கூவிய சொல்லும் ‘பராக்கு’தான் என்பது இதன் வேடிக்கை: கவனமின்மைக்கும் கவனத்தைக் கோரும் அழைப்புக்கும் தமிழ் ஒரே ஒலியை வழங்கியிருக்கிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் இளந்தலைமுறைத் தமிழர் பேச்சில் பராக்கின் இடத்தைப் பெருமளவு பிடித்துக்கொண்ட சொல் ‘ப்ளர்’. தெளிவற்ற படத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான இது, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடப்பது புரியாமல் விழிக்கும் ஆளைக் குறிக்கலாயிற்று. இப்புதுப்பொருளை ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியும் 2016-ல் சேர்த்துக்கொண்டது. கணவாய்க்கு மலாயில் ‘சோத்தோங்’ என்று பெயர். ‘சோத்தோங் மாதிரி ப்ளர்’ என்று இன்னும் ஒரு படி சேர்த்துக் கேலி செய்வதும் இங்கே வழக்கம். மை கக்கித் தண்ணீரைக் கலக்கிவிடும் அவ்வுயிரைத் தெளிவின்மைக்கு உவமையாக்கியிருப்பதாக அதற்குக் காரணம் கூறுவோர் உண்டு. ‘என்னடா ப்ளரா இருக்க’ என்று நண்பனைக் கேட்பதில் சினம் இல்லை, சீண்டல் மட்டுமே உண்டு. மறதியாலோ களைப்பாலோ நேர்ந்த பிசகை மன்னிப்பதற்கென்றே பிறந்த சொல் போல் அது இயங்குகிறது.

மலாய்மொழி வகுத்த படிகள்

மலாய்மொழி இவ்விடத்தில் நுண்ணிய படிகளை வகுத்திருக்கிறது. ஒன்றில் மனம் லயித்து மற்றதை மறப்பது ‘லேகா’. செய்ய வேண்டியதில் மெத்தனமாக இருப்பது ‘லாலாய்’. அந்த மெத்தனம் பிறருக்குக் கேடு விளைக்கும் அளவுக்கு முற்றினால் ‘சுவாய்’. இறுதிச் சொல்லே ‘கெச்சுவாயான்’ என்ற பெயராகி, சட்டத்தில் கவனக்குறைவு என்ற குற்றப்பொருளைத் தாங்குகிறது.

ஸ்பானியச் சொல்லின் இருமுகத்துக்கு மிக நெருங்கிய இணை, ‘உணர்தல்’ என்ற பொருளுடைய ‘செடார்’, ‘தான்’ என்ற பொருளுடைய ‘டிரி’ ஆகிய இரு சொற்களின் சேர்க்கையில் காணப்படுகிறது. விபத்தில் சிக்கியவர் ‘தீடாக் செடார்கான் டிரி’ நிலையில் மீட்கப்பட்டார் என்று மலாய் நாளிதழ் எழுதினால், அவர் சுயநினைவின்றி இருந்தார் என்று பொருள். இடையிலுள்ள ‘கான்’ என்ற ஒட்டு விழுந்து, ‘தாக் செடார் டிரி’ என்று பேச்சில் வரும்போது, அது பெரும்பாலும் தன் தகுதியையும் பிறர் செய்த நன்றியையும் உணராதவரைத் தாக்கும் வசையாகிவிடுகிறது. ஸ்பானியத்தில் வினை செய்த வேலையை இங்கே ஓர் ஒட்டு செய்கிறது.

கவனத்தைக் குறிக்கும் மலாய்ச் சொற்களும் உடலோடு ஒட்டியவை. உடலுறுப்பாகக் கொண்டால் ‘ஹாத்தி’ கல்லீரல். உணர்வைப் பேசும்போது அதுவே உள்ளம். கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ‘பெர்ஹாத்தியான்’ என்று தொடங்கும் அறிவிப்பைக் கேட்டும், ‘பெர்ஹாத்தி-ஹாத்தி’ என்று எழுதிய எச்சரிக்கைப் பலகையைக் கண்டும் நடப்பவர், உள்ளத்தைக் கொண்டுவந்து இங்கே வை என்ற வேண்டுகோளையே பெறுகிறார். வேகத்தைக் கண்காணிக்கும் சாலைக் கேமராக்களை, ஓட்டுநரின் குற்றப் புள்ளிகளைக் கணக்கிடும் முறையோடு இணைத்து மலேசிய அரசு 2017 ஏப்ரல் 15 முதல் நடைமுறைப்படுத்திய திட்டத்திற்கு ‘அவாஸ்’ என்று பெயர். அது ‘தானியங்கி விழிப்புணர்வுப் பாதுகாப்பு முறை’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்; மலாயில் ‘எச்சரிக்கை’ என்றே பொருள் தரும் சொல்லும் ஆகும். சட்டமும் இப்படிகளை அறியும்: 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் பொறுப்பற்ற, ஆபத்தான ஓட்டுதலை 42-ஆம் பிரிவிலும், கவனமின்றிப் பிறரை எண்ணாமல் ஓட்டுவதை 43-ஆம் பிரிவிலும் தனித்தனியே வைத்திருக்கிறது.

வள்ளுவர் பிரித்த நால்வகை

தமிழ்மரபு இப்பாகுபாட்டைச் சட்டப் புத்தகத்துக்கு நெடுங்காலம் முன்னரே செய்துவிட்டது. திருக்குறளில் அறியாமையும் மறதியும் ஓரிடத்தில் அல்லாமல் நான்கு அதிகாரங்களாகப் பிரிந்து கிடக்கின்றன. கல்வி பெறாமையால் வருவது ‘கல்லாமை’, 41-ஆம் அதிகாரம். ஆக்கம் எது, கேடு எது என்று பிரித்தறியாமல் கேட்டைப் பற்றிக்கொள்வது ‘பேதைமை’, 84-ஆம் அதிகாரம். அறிவில்லாமலே தம்மை அறிவுடையவராகக் கருதிச் செருக்குவது ‘புல்லறிவாண்மை’, 85-ஆம் அதிகாரம். இவை மூன்றினின்றும் வேறுபட்டு, எல்லாம் தெரிந்திருந்தும் மகிழ்ச்சியின் மிதப்பில் கடமையை மறந்துவிடுவது ‘பொச்சாப்பு’. அதைத் தவிர்க்கச் சொல்லும் 54-ஆம் அதிகாரத்திற்குப் ‘பொச்சாவாமை’ என்று பெயர்.

அவ்வதிகாரம் அரசனுக்குரிய ஒழுக்கங்களுக்கு நடுவே, ‘செங்கோன்மை’க்கு முந்தியதாக வைக்கப்பட்டிருப்பது கருதத்தக்கது. பிறர் பொறுப்பைச் சுமப்பவரின் மறதி அவரோடு முடிவதில்லை என்பதால், அளவுகடந்த சினத்தைவிடவும் களிப்பில் தோன்றும் இந்த மறதி தீயது என்ற கருத்தோடு வள்ளுவர் அதைத் தொடங்குகிறார். மலாய்க்காரர் ‘லூப்பா டிரி’, அதாவது ‘தன்னை மறந்தவன்’ என்று சாடும் ஆளும், ஸ்பானியர் ‘எஸ் உன் இன்கோன்ஸியென்தே’ என்று சாடும் ஆளும் இந்தப் பொச்சாப்புடையவரே. இன்றைய வழக்கில் இச்சொல் இறந்துவிட்டது. ‘அசட்டை’, ‘மெத்தனம்’, ‘பொறுப்பின்மை’ ஆகியவை அதன் இடத்தைப் பங்கிட்டுக்கொண்டாலும், தெரிந்தவன் மறந்தான் என்ற உள்ளடக்கத்தை அவற்றுள் எதுவும் முழுமையாகத் தரவில்லை.

இந்த உள்ளடக்கம் எங்கே தேவைப்படுகிறது என்பதற்குப் பிரிக்பீல்ட்ஸ் நடைபாதையே சான்று. 1951-ல் நிறுவப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இங்கே இருப்பதால், வெள்ளைக் கோலுடன் நடப்போர் இவ்வட்டாரத்தின் அன்றாடக் காட்சி. அவர்கள் காலாலும் கோலாலும் தொட்டறிந்து செல்வதற்காகவே நடைபாதையில் புடைப்புக் கற்கள் பதிக்கப்பட்டுள்ளன. அக்கற்களின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கச் செல்பவரைப் ‘ப்ளர்’ என்று சொன்னால் அவர் தப்பித்துவிடுவார். ‘அறியாமை’ என்றால், கற்பித்தால் திருந்துவார் என்று பொருளாகும். அக்கற்கள் எதற்கென்று தெரிந்தும், ஐந்து நிமிடந்தானே என்று அதை ஒதுக்கிவைத்தவருக்குப் பொருந்துவது ‘பொச்சாப்பு’ ஒன்றே.

‘தெரியாமல்’ என்ற சொல்லின் சுமை

கூட்டமான ரயிலில் ஒருவர் கால் மற்றவர் மேல் பட்டுவிட்டால், தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ‘தெரியாம பட்டுருச்சுங்க’ என்பது தமிழர் பண்பு. இங்கே ‘தெரியாமல்’ என்பதற்கு ‘அறிவில்லாமல்’ என்று பொருளில்லை. ‘வேண்டுமென்றே அன்று’ என்பதே பொருள். இதே இடத்தில் ஸ்பானியர் ‘விரும்பாமல்’ என்று நேர்ப்பொருள் தரும் ‘ஸின் கெரேர்’ என்பர். மலாய்க்காரர் ‘தாக் செங்காஜா’ என்பர். அவ்விரு மொழிகளும் நோக்கம் இல்லை என்று மன்னிப்புக் கேட்க, தமிழ் அறிவு இல்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்கிறது. அறிவுக்கும் நோக்கத்துக்கும் இடையே தமிழன் வேலி போடாமல் விட்ட இடம் இது.

அன்றாட உறவில் இந்த வேலியின்மையால் இடரில்லை. காவல் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ வாக்குமூலம் மொழிபெயர்க்கப்படும்போதுதான் இடர் தோன்றுகிறது. ‘தெரியாம இடிச்சிட்டேன்’ என்ற தமிழ்த் தொடரை ‘அறியவில்லை’ என்று பொருள்படும் மலாய்ச் சொல்லால் பெயர்த்தால், முன்னால் ஆள் நின்றதையே ஓட்டுநர் பார்க்கவில்லை என்றாகி, அவர் கவனக்குறைவை அவரே ஒப்புக்கொண்டதாக முடியலாம்; ‘தாக் செங்காஜா’ என்று பெயர்த்தால், வேண்டுமென்றே செய்யவில்லை என்று அவர் சொல்ல வந்தது மட்டும் அவையேறும். சொல்லியவர் ஒருவர், சொல்லும் ஒன்று. பிரிவு 42-க்கும் 43-க்கும் இடையே அவர் எங்கே நிற்கிறார் என்ற விசாரணை தொடங்கும் முன்பே, அவரை எங்கே நிறுத்துவது என்பதை மொழிபெயர்ப்பாளர் எடுக்கும் ஒரு சொல் பாதி தீர்மானித்துவிடுகிறது.